கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்த டப்பா

ஜூன் 9, திங்கள்

கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளும் உறைகூடப் பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தது. இன்று பிரித்தேன். ஜெசிந்தா அக்கா சொன்னதால்தான்.

"உனக்குத்தான் எதுவும் ஒத்துக்காதுங்கிறியே அரசி. எரியுதா, அரிக்குதா, எப்படி இருக்குன்னு தெனம் எழுதி வை. கொஞ்ச நாள் பாப்போம். சரிப்படலைன்னா தூக்கிப் போட்டுரு."

ஜெசிந்தா அக்கா எங்கள் தெருமுனையில் வீட்டு முன்னறையையே பார்லராக வைத்திருக்கிறார். கொடுத்தது ஒரு சின்ன வெள்ளை டப்பா, தங்க நிற மூடி. மூடியில் புரியாத எழுத்தும் ஒரு பூவும். அதன் மேல் ஆங்கிலத்தில் ஸ்டிக்கர்: நைட் கிரீம், சென்சிட்டிவ் ஸ்கின்.

என் தோல் அப்படித்தான். மஞ்சள் பூசினால் தடிக்கும். மெடிக்கலில் வாங்கிய வெயில் கிரீமைப் போட்டுவிட்டு ஒரு வாரம் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன். இலக்கியா பிறந்த வருஷம் கன்னத்தில் கருந்திட்டாக வந்த மங்கு, இப்போது மூக்கைத் தாண்டி இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை ஒரு கல்யாணப் பார்ட்டி வந்தது. நான் பட்டு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா சேலையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். பிறகு சூப்பர்வைசர் சுந்தரமூர்த்தியைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "வேற ஆள் காட்டட்டுமே. தொத்தா என்னன்னு தெரியல, நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்" என்றது எனக்குக் கேட்டது.

இன்று காலை சுந்தரமூர்த்தி சார் என்னிடம், "அரசிம்மா, கொஞ்ச நாளைக்குக் கீழ லைனிங், ஃபால்ஸ் செக்‌ஷனைப் பாத்துக்கங்க" என்றார். திருச்சியில் இந்தக் கடை திறந்த நாளிலிருந்து நான் பட்டு செக்‌ஷன். சரி சார் என்றேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

லேசாக எரிந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. தடிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

எரிச்சல் இல்லை. மூக்கோரம் மெல்லிசாக உரிகிறது. உரிந்தால்தான் நல்லது என்கிறார் ஜெசிந்தா அக்கா. சிலிண்டர் வந்துவிட்டது. இட்லிக்கு மாவு அரைக்கக் கொடுத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

மங்கு கரைகிறது. நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்று ஜன்னல் வெளிச்சத்தில் நின்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கரைகிறது. ஓரங்கள் மங்கி, தேநீர் சிந்திய கறையைத் துவைத்த மாதிரி இருக்கிறது.

காலையில் அவர் சாப்பிடும்போது நிமிர்ந்து பார்த்து, "என்ன அரசி, மொகத்துல லைட் போட்ட மாதிரி இருக்கு?" என்றார். துவாக்குடி லேத் பட்டறையில் நாளெல்லாம் இரும்பையே பார்க்கிறவர். தட்டில் என்ன குழம்பு என்றுகூடப் பார்க்காமல் சாப்பிடுவார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இன்னொரு தோசை வார்க்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

இலக்கியா அவர் நிறம். ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் சுதந்திர தின நடனத்துக்கு அவளைப் பின்வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

"ஏன்டி, நல்லா ஆடுவியே?"

"ஹைட்டா இருக்கேனாம்மா."

அவள் ஒன்றும் உயரம் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது என்ன கிரீம்மா? எனக்கும் ஒத்துக்குமா?" என்று கேட்டாள்.

"சின்னப் பிள்ளைக்கெல்லாம் வேணாம்" என்றேன். டப்பாவை பீரோவுக்குள் வைத்தேன்.

ஜூலை 19, சனி

ஆடித் தள்ளுபடி. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. மதியம் சுந்தரமூர்த்தி சார் கீழே வந்தார். லைனிங் துணி கிழித்துக்கொண்டிருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மேல ஆள் பத்தல. பட்டுக்கு வந்துடுங்க" என்றார். ஆள் பற்றாமல் கூப்பிட்டதாகவே இருக்கட்டும். மாடிப்படி ஏறும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். "என்னக்கா போட்டீங்க, சொல்லுங்கக்கா" என்று ஒரே நச்சரிப்பு. அதில் மலர்க்கொடிதான் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. லால்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், கார்த்திகையில் கல்யாணம். அவளுக்கும் வேறு சில பேருக்கும் ஜெசிந்தா அக்காவிடம் வாங்கித் தருவதாகச் சொன்னேன். என் தோலே தாங்குகிறதென்றால் யார் தோலும் தாங்கும் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

டப்பா அதற்குள் தீர்ந்துவிட்டது. போன டப்பா இவ்வளவு சீக்கிரம் தீரவில்லை. நான்தான் அதிகமாக எடுக்கிறேன் போலிருக்கிறது.

இலக்கியாவின் தலையணை உறையைத் துவைத்தேன். ஜெசிந்தா அக்காவிடம் இந்தத் தடவை இரண்டு டப்பாவாக வாங்கினேன். கையிருப்பு இருந்தால் நல்லதுதானே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அவர் அக்கா வீட்டோடு அம்மா மண்டபம் போனோம். ஆற்றில் நல்ல தண்ணீர். படித்துறையில் சித்ரான்னம் பிரித்துச் சாப்பிடும்போது நாத்தனார் இலக்கியாவின் முகவாயைப் பிடித்துத் திருப்பினார்.

"ஏ தனபாலு, உம் பொண்ணு என்னடா இப்படிக் கலரு ஏறிட்டா? கையப் பாரு, எலுமிச்சம்பழமாட்டம். அரசி, இப்பவே மாப்பிள்ளை பாக்கச் சொல்லிருவாங்க போ."

"வயசுக்கு வந்த பிள்ள, அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான்.

இலக்கியா தலையைக் குனிந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வருகிற வரை எனக்கு மனசு நிறைந்திருந்தது.

டப்பாவை பீரோவிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பீரோ கதவு திறக்கும்போது கிரீச்சென்று சத்தம் போடுகிறது. வெளியில் இருந்தால் எடுக்க வசதி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். இலக்கியா முன்வரிசையில் ஆடினாள். நடுவில்.

செப்டம்பர் 7, ஞாயிறு

செருப்பு இறுக்குகிறது. சாயங்காலம் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக இருக்கிறது. நாளெல்லாம் நிற்கிற வேலை. கடையில் எல்லாப் பிள்ளைகளும் கால் வலி என்றுதான் சொல்லுகிறார்கள். ஒரு நம்பர் பெரிய செருப்பு வாங்க வேண்டும்.

முகம் நன்றாக இருக்கிறது. வெயிலில் மட்டும் சுள்ளென்று எரிகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இலக்கியா எழுந்து வந்தபோது இமைகள் இரண்டும் உப்பியிருந்தன. அழுதாயா என்றேன். இல்லை என்றாள். போனை நோண்டிக்கொண்டு தூங்காமல் இருந்திருப்பாள். மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டது. மகாளய அமாவாசை. வடை சுட்டேன், அவள் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் கண் திறக்க முடியவில்லை இலக்கியாவுக்கு. கெண்டைக்கால் மொத்தமாகிவிட்டது. பள்ளிச் சாக்ஸ் ரப்பர் பதிந்த தடம் ராத்திரி வரைக்கும் இருக்கிறதாம்.

"ஒண்ணுக்குப் போனா நொர நொரயா வருதும்மா" என்றாள் மெதுவாக.

பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். எதையோ சாப்பிட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். கத்தரிக்காய், கருவாடு வேண்டாம் என்றார்.

எனக்கும் நுரைதான். நான் சொல்லவில்லை. பினாயில் மிச்சம் இருந்தாலும் நுரைக்கும்.

அக்டோபர் 11, சனி

பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். வயிறெல்லாம் நீர் கோத்துவிட்டது. சிறுநீரில் புரதம் கொட்டுகிறதாம். கிட்னி வடிகட்ட வேண்டியதை வடிகட்டாமல் விடுகிறது என்றார் பெரிய டாக்டர். உப்பு கூடாது, தண்ணீர் அளந்துதான்.

"என்ன காரணம்னு தெரியலம்மா. வீட்ல நாட்டு மருந்து, லேகியம் ஏதாச்சும் கொடுத்தீங்களா? வெள்ளையாகுற கிரீம் கிரீம்னு ஏதாச்சும் போடுறாளா?"

"இல்லைங்க" என்றேன்.

நான் வைத்திருப்பது நைட் கிரீம். சென்சிட்டிவ் தோலுக்கானது. வெள்ளையாகும் கிரீம் என்று அதில் எங்கும் எழுதவில்லை. அதுவும் நான் போடுவது. டாக்டர் கேட்டது இலக்கியாவைப் பற்றி.

அக்டோபர் 14, செவ்வாய்

காரணம் தெரியாததால் கிட்னியிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். குப்புறப் படுக்க வைத்து முதுகில் நீள ஊசி. கதவுக்கு வெளியே நின்றேன். "அம்மா" என்று ஒரே ஒரு முறை கத்தினாள். அதற்கப்புறம் சத்தமே இல்லை. அவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வந்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் டப்பா அப்படியே இருந்தது. மூடி சரியாக மூடவில்லை. மூடி வைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

காய்ச்சல்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். வயிற்றுக்குள் கோத்த நீரில் கிருமி பிடித்துவிட்டது. உள்ளே ஒருவர்தான் போகலாம். நான் போனேன். உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்துத் தொட்டேன். வெளியே சரவெடி வெடிக்க வெடிக்க அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

பொன்மலை மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியதாக ஜெசிந்தா அக்கா போன் செய்தார். பாதியிலேயே போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. வார்டுக்கு மாற்றினார்கள்.

ஒரு சின்ன டாக்டரம்மா, படித்துக்கொண்டே வேலை பார்க்கிறவர், பிரஷர் பார்க்க வந்தார். பார்த்துவிட்டுப் போகாமல் என் காலையே பார்த்தார்.

"அம்மா, உங்க கால் ஏன் வீங்கியிருக்கு?"

"நின்னுட்டே இருக்கேன்ல மேடம். தூக்கமும் இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார், என் காதுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு இலக்கியாவின் கூந்தலை ஒதுக்கி அவள் காதுக்குப் பின்னாலும் பார்த்தார். அங்கே மட்டும் அவளுடைய பழைய நிறம் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, பயப்படாத. யாரும் திட்ட மாட்டாங்க. என்ன போட்ட?"

இலக்கியா என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மாவோட நைட் கிரீம். மொகத்துக்கு, கழுத்துக்கு, கை காலுக்கெல்லாம் போட்டேன்."

"எப்பலேருந்து?"

"ஜூலைலேருந்து."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது டாக்டர். திருட்டுத்தனமாத்தான் எடுத்தேன்."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தெரியாதவர்களும் அப்படித்தான் குனிவார்கள்.

அக்டோபர் 23, வியாழன்

டாக்டரம்மா சொல்லி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். இலக்கியா அப்பாவுக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. பட்டறை உடுப்போடு வார்டுக்குள் வந்தவர் நேராகக் கட்டிலுக்குப் போனார்.

"பதினாலு வயசுல என்னடி மினுக்கு உனக்கு? எவனப் பாத்து மயக்கணும்னு பூசுன? அம்மா பொருள திருடிப் பூசிக்கிட்டு, ஆத்தாளையும் அப்பனையும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய விட்டுட்டியே..."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். இலக்கியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊசி குத்திய கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் கோபம் என் பக்கம் திரும்பியிருக்கும். அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அவள ஏசாதீங்க" என்றேன். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவ போடுறது. ரெண்டாவது டப்பா சீக்கிரம் தீர்ந்தப்பவே தெரியும். தலகாணி உறையில அந்த வாசன இருந்துச்சு. தெரிஞ்சுதான் ரெண்டா வாங்குனேன். பீரோவுக்குள்ள வச்சிருந்தத நான்தான் வெளிய எடுத்து வச்சேன்."

அவர் கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் தேவலை. புரியாத பாஷையில் பேசியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"டாக்டர் மொத நாளே கேட்டாருல்ல?"

"கேட்டாரு."

"அந்த ஊசி போடறப்ப நீ கதவாண்டதான நின்ன?"

அவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இலக்கியா திரும்பவே இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் அவர் இட்லி வாங்கி வந்தார். ஒரு பொட்டலம்தான்.

அக்டோபர் 30, வியாழன்

சென்னைக்கு அனுப்பிய ரத்தத்துக்கும் டப்பாவுக்கும் ரிசல்ட் வந்துவிட்டது: பாதரசம். "காய்ச்சல் பாக்குற பழைய தெர்மாமீட்டர்ல மினுமினுன்னு இருக்குமே, அதான்மா. கொஞ்ச நஞ்சமில்ல" என்றார் பெரிய டாக்டர். தோல் வழியாக இறங்கிக் கிட்னியில் போய் உட்கார்ந்துகொண்டதாம். என் ரத்தத்தையும் சோதித்தார்கள். எனக்கும் இருக்கிறது, அவளுக்கு இருப்பதைவிடக் குறைவு. நான் முகத்துக்கு மட்டும்தான் போட்டேன். அவள் உடம்பெல்லாம் பூசியிருக்கிறாள், உடம்பும் சின்னது.

"சரியாயிடுமா சார்?"

"நிறுத்திட்டோம்ல, மெதுவா சரியாகணும். சில பேருக்குப் பழையபடி ஆயிடும். சில பேருக்கு ஆகாது. மாத்திரைய விட்டுடக் கூடாது." பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மொத நாளே சொல்லியிருந்தா அந்த ஊசியே தேவைப்பட்டிருக்காதும்மா."

நவம்பர் 5, புதன்

பிள்ளை வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. மாத்திரையால் முகம் உருண்டையாகிவிட்டது. உப்பில்லாத சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறாள்.

இன்று கடைக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் கிரீம் வாங்கிய பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னேன். ஒருத்தி அழுதாள். ஒருத்தி அங்கேயே பாத்ரூமுக்கு ஓடிப்போய் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இன்னொருத்தி, "நீங்கதானக்கா யாரு தோலும் தாங்கும்னீங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

மலர்க்கொடி மட்டும் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். பின்னாலேயே போனேன்.

"மலரு, நிறுத்திருடி."

"நிறுத்துறேன்கா. கல்யாணம் முடியட்டும்."

"கால் வீங்குதா உனக்கு?"

"இன்னும் மூணு வாரம்தானக்கா. நடுவுல நிறுத்துனா மொகம் முன்னவிடக் கறுத்துருமாமே. ஒங்களுக்கே அப்படித்தான வந்துட்டு இருக்கு?"

உண்மைதான். மங்கு முன்பைவிடக் கருமையாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் சுந்தரமூர்த்தி சார் கூப்பிட்டு, கடைக்குள் பீதியைக் கிளப்ப வேண்டாம் என்றார். நாளையிலிருந்து கோடவுனில் மடிப்பு வேலையாம்.

நவம்பர் 6, வியாழன்

ஜெசிந்தா அக்கா வீட்டுக்குச் சண்டை போடத்தான் போனேன். கதவைத் திறந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து நைட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். என் காலைவிட மோசம்.

"சுகருன்னு நெனச்சு மாத்திர முழுங்கிட்டு இருக்கேன் அரசி. நாலு வருஷமா நான் இதத்தான் பூசுறேன். நல்லதுன்னு நெனச்சுத்தான உனக்குக் கொடுத்தேன். கொண்டாந்து போடுறவன் இப்ப போன எடுக்க மாட்டேங்கிறான்."

என்னால் திட்ட முடியவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போட்டார். டாக்டரம்மாவிடம் கொடுத்துவிடு என்றார். நீங்களும் வந்து காட்டுங்கள் என்றேன். பை கனத்தது.

நவம்பர் 16, ஞாயிறு

லால்குடிக்குப் பஸ் ஏறி மலர்க்கொடி வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பெண் கட்டிலில் கிடந்த போட்டோவைப் போனில் காட்டினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"இத வாங்கிக் கொடுத்தது யாரு?"

"நான்தாம்மா."

"அப்ப நல்லாருந்துச்சு, இப்ப விஷமா? பத்திரிக வைக்கிற நேரத்துல வந்து கிட்னி அது இதுன்னு ஊரக் கூட்டாதம்மா. மாப்பிள்ளை வீட்டுக் காதுல விழுந்தா எம் பொண்ணு வாழ்க்கையே போயிரும். கெளம்பு."

மலர்க்கொடி உள்ளே இருந்தாள். அவள் வளையல் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

மலர்க்கொடிக்கு நேற்றுக் கல்யாணம். கடைப் பிள்ளைகள் போனில் படம் காட்டினார்கள். முகம் தகதகவென்று இருந்தது. கண் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. புதுப்பெண் அழுதிருப்பாள் என்றார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

அவர் என்னிடம் பேசுகிறார். சாப்பாடு, மாத்திரை, ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். அவ்வளவுதான்.

மத்தியானம் இலக்கியாவின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். முடி கொத்தாகக் கையோடு வந்தது. அதை அவள் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"தெரிஞ்சும் ஏம்மா வேணாம்னு சொல்லல?" என்றாள் திடீரென்று.

மறுக்க முடியாது. ஏதோ ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன், உன்னைத் திட்ட மனசு வரவில்லை, அப்படி ஏதாவது.

"நீ கலரானது எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றேன்.

அவள் சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எனக்கும்தான் பிடிச்சிருந்துச்சு. ஆனா நீ வேணாம்னு சொல்லுவன்னு நெனச்சேன். டப்பாவ வெளிய பாத்ததும், சரி, அம்மாவுக்கும் நான் முன்னாடி இருந்தது பிடிக்கல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அப்படியில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள், "எண்ணெ போதும்மா" என்று எழுந்துவிட்டாள்.

டிசம்பர் 8, திங்கள்

டாக்டர் பள்ளிக்குப் போகலாம் என்றுவிட்டார். புரதம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மாத்திரை தொடர வேண்டும், வெயிலில் ஓடக் கூடாது.

காலையில் இலக்கியா சீருடை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சட்டையைப் பிரித்துத் தைத்தும் வயிற்றில் இறுக்கமாக இருந்தது. முகம் உருண்டு, கன்னத்தில் பூனைமுடி வளர்ந்து, பழைய நிறத்துக்கும் கீழே போயிருந்தாள். தலை பின்னிவிட்டேன். ரிப்பன் கட்டினேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு வாசலில் காத்திருந்தார்.

அவள் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து உள்ளங்கையில் தட்டி, அவள் கன்னத்துக்குக் கொண்டு போனேன். நானாக நினைத்துச் செய்யவில்லை. கை போய்விட்டது.

இலக்கியா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பலமாக இல்லை.

"வேணாம்மா."

கையை இறக்கிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கோடவுனுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே வந்து கையைக் கழுவினேன்.